நல்லெண்ணெய் புகட்டினால் பன்றிக்குட்டிக்கு ரத்தம் ஊறுமா?

“தினமும் ரெண்டு ஸ்பூன் நல்லெண்ணெய் கொடுங்க, இரும்பு ஊசியே வேண்டாம்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபினுக்கு இரும்பு வேண்டும். செக்கில் ஆட்டினாலும் எண்ணெயில் அது கிட்டத்தட்ட இல்லை. குட்டி பிறக்கும்போது உடம்பில் இரும்பின் இருப்பு சுமார் 50 மில்லிகிராம். தினத்தேவை 7 முதல் 10 மில்லிகிராம். தாய்ப்பாலில் ஒரு நாளுக்குக் கிடைப்பதோ ஒரு மில்லிகிராம் அளவுதான். சிமெண்ட் தரையில் வளரும் குட்டிக்கு மண்ணிலுள்ள இரும்பும் கிடைக்காது. அதனால்தான் இரண்டு, மூன்று வாரத்தில் காது வெளுத்து, பால் குடிக்கும்போதே மூச்சு வாங்குகிறது.

மூன்றாம் நாள் வாக்கில் இரும்பு டெக்ஸ்ட்ரான் என்ற இரும்பு ஊசி மருந்து 200 மில்லிகிராம் போட வேண்டும். மில்லிக்கு 100 மில்லிகிராம் உள்ள மருந்தென்றால் 2 மில்லி, கழுத்துத் தசையில். தோலைச் சற்று நகர்த்திப் பிடித்துக் குத்தினால் மருந்து வெளியே வழியாது.

எண்ணெயால் கெடுதலும் உண்டு. வாயில் ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். காறிப்போன எண்ணெய் வைட்டமின் ஈ-யை அழிக்கும்; அது குறைந்தால் சிவப்பணுக்கள் எளிதில் உடையும். தாய்ப்பன்றிக்கே வைட்டமின் ஈ, செலினியம் (ஒரு தாதுச்சத்து) பற்றாக்குறை என்றால், வழக்கமான இரும்பு ஊசிகூடக் குட்டியைக் கொன்றுவிடலாம். எனவே சினைப்பன்றியின் தீவனத்தில் காறல் வாடை அடிக்கிறதா என்று முகர்ந்து பாருங்கள்.