பின்பனியில் பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு: செல்போனில் குரல் போடாதீர்கள்

இலையுதிர் காட்டில் பறவை பார்க்கப் பின்பனியை விட நல்ல காலம் கிடையாது. கிளைகள் வெறுமையாக நிற்கும், போன வருடத்துக் கூடும் மரப்பொந்தும் தானாகக் கண்ணில் படும். ஆனால் பறவைகளுக்கு இரை மிகவும் குறைந்துபோயிருக்கும் காலமும் இதுதான். விதைகளையும் பட்டை இடுக்குப் பூச்சிகளையும் மாதக்கணக்கில் தின்று தீர்த்திருக்கும். பத்து கிராம்கூடத் தேறாத ஒரு சிறு பறவை, பகலில் சேர்த்த கொழுப்பை இரவுக் குளிரில் எரித்துவிட்டுப் பசியோடு விடியலுக்கு வருகிறது. அப்போது அதன் இனத்தின் குரலைச் செல்போனில் ஒலிக்கவிட்டால், எல்லைக்குள் வேற்றாள் நுழைந்துவிட்டதாக எண்ணி இரையை விட்டுவிட்டு ஓடி வரும். ஒரு படத்துக்காக இதைச் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. தேவையும் இல்லை.

நின்றாலே போதும். வெயில் முதலில் விழும் காட்டோரமாக, காற்று மறைவாக, சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி இருபது நிமிடம் அசையாமல் நில்லுங்கள். இந்தக் காலத்தில் சிறு பறவைகள் பல இனமாகக் கலந்து கூட்டமாய் இரை தேடும். முதலில் மெல்லிய கீச்சொலிதான் கேட்கும். துரத்தினால் கலைந்துவிடும். போகும் திசையைப் பார்த்து, சுற்றிப்போய் முன்னால் காத்திருங்கள். முதல் பத்துப் பறவையோடு திருப்தியடைந்து திரும்பவும் வேண்டாம். மரங்கொத்தி பல நேரம் கூட்டத்தின் வாலில்தான் வரும். அது நொடிக்குள் கடகடவென்று உருட்டித் தட்டினால் எல்லையை அறிவிக்கிறது. விட்டுவிட்டுக் கொத்தினால் இரை தேடுகிறது.

பைனாகுலர் 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸ் 42 மி.மீ. அகலம்) போதும். 10×42-இல் கை நடுக்கமும் கூடுதலாகத் தெரியும், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலமும் 5.25 மி.மீ.-லிருந்து 4.2 மி.மீ. ஆகக் குறையும், மங்கிய காலையில் அது பெரிய வித்தியாசம். பலர் செய்யாமல் விடுவது டையாப்டர் சரிசெய்தல், அதாவது இரு கண்களின் பார்வை வித்தியாசத்தை ஈடுகட்டும் வளையத்தைப் பொருத்துவது. வலது முன்லென்ஸை மூடி, நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மூடி, சக்கரத்தைத் தொடாமல் டையாப்டர் வளையத்தால் வலக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். கண்ணாடி அணிபவர்கள் கண்ணருகே இருக்கும் கண்குவளையை உள்ளே தள்ளிவிட வேண்டும். குளிரிலிருந்து வீட்டுக்குள் நுழையுமுன் பைக்குள் வைத்து மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் லென்ஸில் நீர் பூக்கும்.

ஒரு மரத்தடியில் வெள்ளை எச்சமும், எலும்பும் மயிருமாய்க் கக்கிய உருண்டைகளும் கிடந்தால் மேலே ஆந்தை இருக்கலாம். சில ஆந்தைகள் பனி முடியுமுன்பே அடைகாக்கத் தொடங்கிவிடும். தூரத்திலிருந்து ஒருமுறை பார்த்துவிட்டு விலகிவிடுங்கள். குஞ்சு பறக்கும்வரை அந்த இடத்தை எங்கேயும் பதிவிட வேண்டாம், நண்பர்கள் கேட்டாலும்.