கிங்ஸ் லின்: புதையலை விடுங்கள், படகுக்காரர்களைப் பாருங்கள்

இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தில், கிரேட் ஊஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது கிங்ஸ் லின். இந்த ஊரைப் பற்றிப் பேச்செடுத்தால் பலரும் ஜான் மன்னரிடமிருந்துதான் தொடங்குகிறார்கள். 1216 அக்டோபரில் அவர் லின்னிலிருந்து கிளம்பிய பிறகு, அவருடைய சாமான் வண்டிகள் வாஷ் முகத்துவாரத்துச் சேற்றில் மாட்டிக்கொண்டன. அரச நகைகளும் அதோடு போயின என்பார்கள். இன்னமும் அதைத் தேட ஆள் இருக்கிறது. என்னைக் கேட்டால், இந்த ஊர் வரலாற்றிலேயே ஆகச் சின்ன விஷயம் அதுதான்.

லின்னை வாழவைத்தது ஆறு. 13ஆம் நூற்றாண்டில் ஊஸ் ஆற்றின் பெருவாரியான தண்ணீர் பக்கத்து ஊரான விஸ்பெக் வழியே போவதை விட்டு லின் வழியாகக் கடலுக்கு வந்தது. அதோடு உள்நாட்டுக்கே வாசல் திறந்த மாதிரி ஆயிற்று. கேம்பிரிட்ஜ், பெட்ஃபோர்ட் வரைக்கும் படகுகள் போய்வந்தன. தானியமும் கம்பளியும் ஆற்றோடு இறங்கின. நிலக்கரியும் ஒயினும் மரமும் எதிர்த்து ஏறின. அந்தச் சுமையை இழுத்தவர்களில் பெரும்பாலோரின் பெயர் நமக்குத் தெரியாது என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

கடல் பக்கம் ஹன்சா என்ற ஜெர்மன் வணிக நகரங்களின் கூட்டமைப்பைச் சேர்ந்த வணிகர்கள். நார்வேயிலிருந்து உப்பே போடாமல் குளிர்காற்றில் காயவைத்த காட் மீன் கருவாடு, பால்டிக் கரையிலிருந்து மெழுகு, தார், மென்மயிர்த் தோல். 1475 வாக்கில் அவர்கள் கட்டிய கிடங்கு இன்றும் நிற்கிறது. இங்கிலாந்தில் மிஞ்சியிருக்கும் ஒரே ஹன்சா கட்டடம் அது.

செல்வம் சேர்ந்த ஊர் என்பதால் கறையே இல்லை என்றாகிவிடாது. 1190இல் இதே ஊரில் யூதர்களைக் கொன்றார்கள். வணிகப் பெருமை பேசும்போது அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விட்டுவிட்டால் அது வெறும் விளம்பரம்.

ஹென்றி பெல் வடிவமைத்து 1683இல் எழுந்த சுங்க மாளிகையைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. பசிபிக் கரையை அளந்த ஜார்ஜ் வான்கூவரின் சிலையும் அங்கேதான் இருக்கிறது. 1757இல் இந்த ஊரில் பிறந்தவர், சுங்க அதிகாரியின் பிள்ளை. ஆனால் என் மனதுக்கு நெருக்கமானது புனித மார்கரெட் தேவாலயத்துக் கடிகாரம். அதில் மணி பார்க்க முடியாது. எண்களுக்குப் பதில் 'லின் ஹை டைட்' என்று ஆங்கிலத்தில் பன்னிரண்டு எழுத்துகள். ஒரு பச்சை டிராகனின் நாக்கு, அடுத்த கடல் ஏற்றம் (ஓதம்) உச்சத்துக்கு வரும் நேரத்தைக் காட்டும். கப்பல் எப்போது உள்ளே வரும், எப்போது கிளம்பும் என்பதுதான் ஊருக்கு முக்கியம். அதே தேவாலயத்தின் மேற்கு வாசலோரம் வெள்ளம் ஏறிய உயரங்களைக் குறித்து வைத்திருக்கிறார்கள். 1953 ஜனவரி 31 இரவு வட கடல் பொங்கி வந்ததற்கும் அங்கே ஒரு கோடு உண்டு. அன்று இந்த ஊரிலும் உயிர்கள் போயின.

1846இல் ரயில் வந்ததும் ஆற்றுப் படகுகளின் பிழைப்பு படுத்தது. துறைமுகம் மட்டும் சாகவில்லை. 1869இல் ஒன்று, 1883இல் இன்னொன்று என்று கப்பல் நிற்கப் புதுத் துறைகள் வெட்டினார்கள். இன்றும் மரமும் தானியமும் அங்கே கையாளப்படுகின்றன.

எனக்குக் கோபம் வருவது 20ஆம் நூற்றாண்டின் மேல்தான். வணிகர்களின் மாளிகைகளுக்குப் பாதுகாப்பு கிடைத்தது; வடக்கு முனையில் தலைமுறை தலைமுறையாக இருந்த மீனவர்களின் சந்துகளையோ 'குடிசைப் பகுதி' என்று சொல்லி இடித்தார்கள். சுகாதாரக் காரணம் இருந்திருக்கலாம், சரி. அதற்காக ஒரு சமூகத்தின் தெருக்களையே துடைத்துப்போட வேண்டுமா? ட்ரூஸ் யார்ட் என்ற முற்றத்தில் இரண்டு சிறு வீடுகள் மிஞ்சின. ஊர்க்காரர்கள் சேர்ந்து அவற்றைக் காப்பாற்றி அருங்காட்சியகம் ஆக்கினார்கள்.

லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து கேம்பிரிட்ஜ் வழியாக நேரடி ரயில் இருக்கிறது. போகிறவர்கள் முதலில் அந்த இரண்டு வீடுகளுக்குள் போய்விட்டு வாருங்கள். சுங்க மாளிகையை அப்புறம் பார்க்கலாம்.