வேலை போன முதல் மாதத்தில் எந்த கோர்ஸுக்கும் பணம் கட்டாதீர்கள்

"அண்ணா, லேஆஃப்ல வெளிய வந்துட்டேன். எந்த சர்டிபிகேஷன் போட்டா சீக்கிரம் வேலை கிடைக்கும்?"

வாரம் தவறாமல் யாராவது ஒருவர் இன்பாக்ஸில் இதைக் கேட்கிறார்கள். கேட்பவர்களில் புதிதாகப் படித்து வந்தவர்கள் குறைவு. பெரும்பாலும் பத்து, பதினைந்து வருஷம் வேலை பார்த்தவர்கள். 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப் போவதாக அறிவித்தபோதே நடு மட்டத்திலும் மேல் மட்டத்திலும் இருப்பவர்கள்தான் அதிகம் என்று செய்தி வந்தது. மேடவாக்கத்திலும் நாவலூரிலும் அபார்ட்மெண்ட் வாங்கி இஎம்ஐ கட்டிக்கொண்டிருக்கும் வயசு அது. அவர்களுக்குச் சேர்த்து ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு. நான் கிளவுட் இன்ஃப்ரா (இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் சர்வர்கள்) பக்கம் வேலை பார்க்கிறேன், ஆள் எடுக்கும்போது நேர்காணலில் கேள்வி கேட்கும் ஆட்களில் ஒருவன். அந்த அனுபவத்தில் இருந்து சொல்வது மட்டும்தான் இது.

முதலில் பணம். கையில் வந்த செட்டில்மெண்ட் தொகை பெரிதாகத் தெரியும். அதே வாரத்தில் வேளச்சேரியில் இருந்தோ தி.நகரில் இருந்தோ ஏதாவது ஒரு இன்ஸ்டிட்யூட் போன் பண்ணும். டெவ்ஆப்ஸ், டேட்டா சயின்ஸ், ஜென் ஏஐ எல்லாம் ஒரே பேக்கேஜில், நூறு சதவீதம் பிளேஸ்மெண்ட் அசிஸ்டன்ஸ். அந்தக் கடைசி வார்த்தையைக் கவனியுங்கள். அவர்கள் தருவது வேலை அல்ல, உங்கள் ரெஸ்யூமேவை நாலு பேருக்கு மெயில் அனுப்பும் சேவை. அதை நீங்களே நௌக்ரியில் இலவசமாகச் செய்துகொள்ளலாம். "ரெண்டு வருஷம் டெவ்ஆப்ஸ் எக்ஸ்பீரியன்ஸ் நாங்களே போட்டுத் தர்றோம்" என்று சொல்லும் கூட்டமும் உண்டு. பேக்ரவுண்ட் வெரிபிகேஷனில் பிஎஃப் யுஏஎன் (கம்பெனி மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) வரலாற்றைப் பார்ப்பது இப்போது சர்வ சாதாரணம். எந்த கம்பெனியில் எந்த மாதம் வரை பிஎஃப் ஏறியது என்பது அதில் அப்படியே இருக்கும். ஆஃபர் வாங்கி, சேர்ந்து, மூன்றாவது மாதம் மாட்டிக்கொள்வதற்கு வீட்டில் சும்மா இருக்கலாம்.

சரி, எந்த சர்டிபிகேஷன்?

கூகுளில் "டாப் டென்" என்று தேடினால் வரும் பட்டியலை மூடி வையுங்கள். உங்கள் அனுபவத்துக்கு இன்றைக்கு ஆள் தேடும் வேலை விளம்பரங்களை நௌக்ரியிலும் லிங்க்ட்இன்னிலும் ஒரு முப்பது நாற்பது எடுத்து ஒரு எக்செல் ஷீட்டில் போடுங்கள். நீங்கள் போக ஆசைப்படும் வேலை வேண்டாம், உங்கள் அனுபவத்தில் பாதியாவது அதற்குப் பொருந்த வேண்டும். அதில் எந்தத் தொழில்நுட்பம் திரும்பத் திரும்ப வருகிறது, எந்த சான்றிதழைப் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். இதற்கு ஒரு சனி, ஞாயிறு போதும். இதைச் செய்தவர்களில் பலர் முதலில் யோசித்து வைத்திருந்த சர்டிபிகேஷனை மாற்றிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

என் கட்சி இதுதான்: சர்டிபிகேஷன் நீங்கள் செய்த வேலைக்குப் பக்கத்து வீடாக இருக்க வேண்டும். பன்னிரண்டு வருஷம் விஎம்வேர் (ஒரே சர்வரைப் பல சர்வர்களாகப் பிரித்து ஓட்டும் மென்பொருள்) அட்மினாக இருந்தவர் திடீரென்று டேட்டா சயின்ஸ் சான்றிதழோடு வந்தால், அந்தத் துறையில் அவர் புது ஆள். இருபத்திரண்டு வயசுப் பிள்ளைகளோடு போட்டி, சம்பளம் மட்டும் பழைய சம்பளம் கேட்பார். யார் எடுப்பார்கள்?

அதே ஆளுக்கு வேறு வழி இருக்கிறது. 2023 நவம்பரில் பிராட்காம் என்ற நிறுவனம் விஎம்வேரை வாங்கி முடித்தது. அடுத்த மாதமே ஒருமுறை காசு கொடுத்து நிரந்தரமாக வாங்கும் லைசென்ஸை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சந்தாவாக மாற்றியது. செலவு எகிறியதால் பல நிறுவனங்கள் விஎம்வேரை விட்டு வெளியே போக வழி பார்க்கின்றன. அந்த இடமாற்ற வேலைக்கு இரண்டு பக்கமும் தெரிந்த ஆள் வேண்டும். கிளவுட் மட்டும் படித்த பையனுக்கு விஎம்வேரின் விமோஷனும் டேட்டாஸ்டோரும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அதோடு மைக்ரோசாப்டின் கிளவுடான அஷூரின் அட்மினிஸ்ட்ரேட்டர் சான்றிதழ், ஏஇசட்-104, ஒன்றைப் போட்டால் நீங்கள் புது ஆள் இல்லை, கிடைப்பதற்கு அரிய ஆள். அஷூரா, அமேசானின் ஏடபிள்யூஎஸ்ஸா என்ற சண்டையை உங்கள் எக்செல் ஷீட்டே தீர்த்துவைக்கும். விலையும் பாருங்கள். ஏடபிள்யூஎஸ் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் தேர்வு 150 டாலர், வரியோடு 15,000 ரூபாய்க்கு மேல் வரும். மைக்ரோசாப்ட் இந்தியாவுக்கென்று தனி விலை வைத்திருப்பதால் ஏஇசட்-104 அதில் பாதிகூட ஆகாது. ஆனால் மைக்ரோசாப்ட் சான்றிதழை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். பயப்பட வேண்டாம், வீட்டில் இருந்தே ஆன்லைனில், இலவசம். ஏடபிள்யூஎஸ் மூன்று வருஷம் தாங்கும்.

அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து அடிமட்டத் தேர்வோடு நிற்காதீர்கள். ஏஇசட்-900, ஏடபிள்யூஎஸ் கிளவுட் பிராக்டிஷனர், இப்போது புதிதாக ஏஐ பிராக்டிஷனர். சேல்ஸ் ஆட்களும் மேனேஜர்களும் படிப்பதற்கு நல்லவைதான். பன்னிரண்டு வருஷம் என்று எழுதிய ரெஸ்யூமேயில் அது மட்டும் இருந்தால், லாரி ஓட்டியவர் எல்எல்ஆர் எடுத்து நீட்டுவது மாதிரி இருக்கிறது. படிக்கத் தொடங்குவதற்கு அந்தப் பாடங்களைப் பாருங்கள், தேர்வுக் காசை மிச்சம் பிடியுங்கள்.

டம்ப்ஸ், அதாவது கசிந்த தேர்வுக் கேள்வி-பதில் தொகுப்பு, பற்றி ஒரு வார்த்தை. டெலிகிராமில் 300 ரூபாய்க்குக் கிடைக்கிறது, மனப்பாடம் செய்து 1000-க்கு 900 மார்க் வாங்கிவிடலாம், உண்மைதான். நான் நேர்காணலில் அடிக்கடி கேட்பது: "பிரைவேட் சப்நெட்டில் இருக்கும் சர்வரால் இன்டர்நெட்டில் இருந்து அப்டேட் இறக்க முடியவில்லை. எங்கே பார்ப்பீர்கள்?" டம்ப்ஸ் படித்தவர் நாட் கேட்வே (உள்ளே இருக்கும் சர்வர் இன்டர்நெட்டுக்குப் போகும் வாசல்), ரூட் டேபிள், செக்யூரிட்டி குரூப் என்று பெயர்களை வரிசையாக ஒப்பிப்பார். கை வைத்து வேலை பார்த்தவர் முதலில் என்னைத் திருப்பிக் கேட்பார்: "நேத்து வரைக்கும் போய்ட்டு இருந்துச்சா, இல்ல புது சர்வரா?" அங்கேயே எனக்குப் பாதி முடிவாகிவிடும்.

அந்தக் கேள்வி வாயில் வர வேண்டுமென்றால் நாலு தடவை உடைத்துச் சரிசெய்து பார்த்திருக்க வேண்டும். 2025 ஜூலை நடுவில் இருந்து ஏடபிள்யூஎஸ்ஸில் புதுக் கணக்கு திறந்தால் 200 டாலர் வரை கிரெடிட் தருகிறார்கள், இலவசத் திட்டத்துக்கு ஆறு மாதம் கெடு. பழகிப் பார்க்க இது தாராளம். பில்லிங் அலாரம் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். நாட் கேட்வேயை அணைக்காமல் தூங்கப் போனால் அது பாட்டுக்கு மணிக் கணக்கில் கிரெடிட்டைத் தின்னும்.

இதனாலேயே எனக்கு சிகேஏ மேல் மரியாதை. பல சர்வர்களைக் கொண்ட கிளஸ்டரில் மென்பொருளை ஓட்டி மேய்க்கும் குபர்னெட்டிஸ் நிர்வாகத்துக்கான தேர்வு. கொள்குறி வினா கிடையாது. இரண்டு மணி நேரம், டெர்மினல், உண்மையான கிளஸ்டர், செய்து காட்ட வேண்டும். தேர்வு நடக்கும்போதே குபர்னெட்டிஸ் ஆவணங்களைத் திறந்து பார்க்கலாம், ஆனால் பார்த்துப் பார்த்துச் செய்ய நேரம் போதாது. 66 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. தவறினால் இன்னொரு முறை எழுதும் வாய்ப்பு கட்டணத்திலேயே அடங்கும். 2024 ஏப்ரலில் இருந்து எடுப்பவை இரண்டு வருஷம்தான் செல்லும். விலை அதிகம், லினக்ஸ் தெரியாதவர்கள் பக்கமே போக வேண்டாம். ஆனால் லினக்ஸில் ஊறியவர் சிகேஏவோடு வந்தால் நான் அடிப்படைக் கேள்விகளைத் தாண்டி நேராக ஆழமான பேச்சுக்குப் போய்விடுவேன்.

மேனேஜர்கள் எல்லாரும் கேட்பது பிஎம்பி, திட்ட மேலாண்மைக்கான சான்றிதழ். இங்கே பலருக்கு என் மேல் கோபம் வரும், வரட்டும். பிஎம்பி மோசமான சான்றிதழ் இல்லை. டிகிரி படித்தவர்களுக்கே மூன்று வருஷம் திட்டம் நடத்திய அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் கேட்கிறார்கள், சும்மா வாங்க முடியாது. பிரச்சினை வேறு. வெட்டு விழுந்ததே ஆட்களை மேய்க்கும் வேலையில்தான். வெளியே வந்தவர்கள் எல்லாரும் பிஎம்பி எடுத்து, குறைந்துபோன அதே நாற்காலிகளுக்கு வரிசையில் நிற்கிறார்கள். கட்டுமானத்துக்கோ, வளைகுடா நாடுகளுக்கோ போகிற எண்ணம் இருந்தால் எடுங்கள். ஐடியிலேயே இருக்கப் போகிறீர்கள் என்றால், எட்டு வருஷத்துக்கு முன்னால் விட்ட தொழில்நுட்பத்தைத் தூசி தட்டுவதுதான் உத்தமம் என்பேன். கௌரவம் பார்த்தால் முடியாது.

சைபர் செக்யூரிட்டிக்குத் தாவ நினைப்பவர்கள் அந்தத் துறையின் சிஐஎஸ்எஸ்பி சான்றிதழின் பெயரைச் சொல்கிறார்கள். எட்டுப் பிரிவுகளில் இரண்டிலாவது ஐந்து வருஷ அனுபவம் காட்டினால்தான் முழுச் சான்றிதழ். நெட்வொர்க், ஃபயர்வால் பக்கம் இருந்தவர்களுக்குப் பொருந்தும், மற்றவர்களுக்கு இப்போதைக்கு இல்லை.

மேனுவல் டெஸ்டிங்கில் இருந்து வந்தவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம் கசக்கும்: உங்களுக்கு சர்டிபிகேஷனே வேண்டாம். ஐஎஸ்டிக்யூபி ஃபவுண்டேஷன் என்ற டெஸ்டிங் சான்றிதழ் உங்களில் பாதிப் பேரிடம் ஏற்கெனவே இருக்கிறது, அது காலாவதியும் ஆகாது. நேர்காணலில் யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. டெஸ்டைத் தானாக ஓட்டும் பிளேரைட்டோ செலினியமோ கற்று, ஏதாவது ஒரு தளத்துக்கு நாற்பது டெஸ்ட் எழுதி, எல்லாரும் கோடைப் பார்க்கும்படி வைக்கும் கிட்ஹப்பில் வையுங்கள். நான் அதைத் திறந்து பார்ப்பேன், சான்றிதழ் பிடிஎஃப்பைத் திறந்ததே இல்லை.

இன்னொன்று. "சர்டிபிகேஷன் முடிச்சிட்டு அப்ளை பண்ணலாம்னு இருக்கேன்" என்று பலர் உட்கார்ந்திருக்கிறார்கள். வேண்டாம். படிக்க ஆரம்பித்த இரண்டாவது வாரமே தேர்வுக்குத் தேதி குறியுங்கள், அந்தத் தேதியை ரெஸ்யூமேயில் எழுதுங்கள், அன்றைக்கே விண்ணப்பிக்கவும் தொடங்குங்கள். சரியான அனுபவத்துக்குக் கீழே "ஏஇசட்-104 தேர்வு அடுத்த மாதம்" என்று இருந்தால் எங்கள் ஆட்கள் கூப்பிடத்தான் செய்கிறார்கள். உடனே சேர முடியும் என்பதையும் மேலேயே போடுங்கள். 90 நாள் நோட்டீஸ் பீரியடில் மாட்டியிருப்பவரைவிட அந்த ஒரு விஷயத்தில் நீங்கள்தான் முன்னால் இருக்கிறீர்கள்.