படம் சேர்ப்பதும் ஆராய்ச்சிதான்

போன மாதம் உதவிப் பேராசிரியர் வேலைக்கு ஒரு நேர்காணல். படங்களைக் கணினி புரிந்துகொள்ளச் செய்யும் கம்ப்யூட்டர் விஷன் துறையில் பிஎச்.டி. முடித்து இரண்டு வருடம் ஆகிறது. பேப்பர் எத்தனை என்று கேட்டார்கள், சொன்னேன். நான் உருவாக்கிய டேட்டாசெட்டை, அதாவது கணினிக்குக் கற்றுக்கொடுக்கப் பெயர் குறித்துத் திரட்டிய படத் தொகுப்பை, பற்றிப் பேச ஆரம்பித்ததும், "அது படம் சேர்க்கிற வேலைதானே, ஆராய்ச்சின்னு என்ன பண்ணீங்க?" என்றார் குழுவில் ஒருவர். எனக்குப் பேச்சே வரவில்லை. அங்கே சொல்லாமல் வந்ததை இங்கே எழுதுகிறேன்.

பழைய கையெழுத்துக் கடிதங்களைக் கணினி படிக்கச் செய்வதுதான் என் வேலை. ஒவ்வொரு எழுத்தையும் சுற்றிக் கட்டம் போட்டு, இன்ன எழுத்து என்று குறிக்க வேண்டும். 1950-களில் எழுதிய கடிதம் ஒன்றில் 'மலை' என்ற சொல். அதில் 'லை' பழைய வடிவம், துதிக்கை மாதிரி மேலே வளைந்திருக்கும். இப்போது நாம் எழுதுவதில் இணைக்கொம்பு தனி, 'ல' தனி. இரண்டு கட்டம் போட்டுவிடலாம். பழையதில் இரண்டும் ஒட்டியே கிடக்கிறது, எங்கே வெட்டுவது? 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு பள்ளிக்குப் போன என் மாணவர்களுக்கு அது என்ன எழுத்து என்றே பிடிபடவில்லை. இன்னொரு பக்கத்தில் 'ர'வா காலா என்று மூன்று பேர் உட்கார்ந்து ஒரு மத்தியானம் முழுக்கப் பேசினோம். நாங்கள் அன்றைக்கு எடுக்கும் முடிவைத்தான் மாடல், அதாவது எழுத்தைப் படிக்கும் கணினி நிரல், கற்றுக்கொள்ளும். தப்பாகக் குறித்தால் தப்பாகவே படிக்கும். இதில் ஆராய்ச்சி இல்லை என்று எப்படிச் சொல்ல முடிகிறது?

இதே துறை ஆய்வாளர் ஃபெய்-ஃபெய் லீயை நினைத்துக்கொள்கிறேன். 15 வயதில் சீனாவிலிருந்து அமெரிக்கா வந்தவர், பெற்றோர் நடத்திய டிரை கிளீனிங் கடையைப் பார்த்துக்கொண்டே படித்தவர். 2007-ல் பிரின்ஸ்டனில் இளம் பேராசிரியராக இருந்தபோது இமேஜ்நெட் என்ற பெரிய படத் தொகுப்பு வேலையைத் தொடங்கினார். இது உங்கள் வேலை நிரந்தரமாவதற்கு உதவாது என்று அவரிடமும் சொன்னார்கள். 167 நாடுகளில் 49 ஆயிரம் பேர் இணையம் வழியாகப் படங்களுக்குப் பெயர் குறித்தார்கள். (அவர்கள் யாருடைய பெயரும் நமக்குத் தெரியாது. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.) 2009-ல் மயாமியில் நடந்த சிவிபிஆர் என்ற கம்ப்யூட்டர் விஷன் மாநாட்டில் இமேஜ்நெட் பேப்பருக்கு மேடையில் பேச இடம் கிடைக்கவில்லை, சுவரில் ஒட்டி விளக்கும் போஸ்டர்தான். மூன்றே வருடத்தில், படத்தில் இருப்பது என்ன என்று கணினி சொல்லும் 2012 இமேஜ்நெட் போட்டியில், அலெக்ஸ்நெட் என்ற மாடல் அந்தத் தொகுப்பின் படங்களைக் கொண்டு பிழையை 15.3 சதவீதத்துக்கு இறக்கியது. அடுத்த இடத்தில் வந்தவர்களுக்கு 26.2. பல அடுக்கு நரம்பு வலைகளைக் கொண்டு கணினிக்குக் கற்றுக்கொடுக்கும் டீப் லேர்னிங் பக்கம் இந்தத் துறையே திரும்பியது அதற்குப் பிறகுதான். அந்த போஸ்டர் பேப்பருக்கு 2019-ல், காலத்தைத் தாண்டி நின்ற பேப்பர்களுக்கான லாங்கே-ஹிக்கின்ஸ் பரிசு கொடுத்தார்கள்.

நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. ஹெச்பி லேப்ஸ் இந்தியா திரட்டிய, 156 எழுத்து வடிவங்கள் கொண்ட தமிழ்க் கையெழுத்துத் தொகுப்பை வைத்து, எழுத்தைக் கணினி அடையாளம் காண, 2006-ல் போட்டியே நடந்தது. அதன் பிறகு தமிழ் எழுத்தைக் கணினி படிக்கும் ஆராய்ச்சியில் பலர் அதை வைத்து வேலை செய்தார்கள்.

2021-லிருந்து நியூரிப்ஸ் என்ற செயற்கை நுண்ணறிவு மாநாட்டில் டேட்டாசெட்டுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ஆள் எடுக்கும்போது நம் கல்லூரிகளும் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கட்டும்: நீங்கள் சேர்த்ததை வைத்து வேறு யார் வேலை செய்கிறார்கள்? பேப்பர் எண்ணிக்கை மட்டும் போதும் என்றால், தமிழுக்கு டேட்டா சேர்க்க எந்த மாணவரும் மூன்று வருடத்தைக் கொடுக்க மாட்டார்.

பழைய 'லை'யைத் தனி வகையாகவே குறிப்பது என்று போன வாரம் முடிவு செய்தோம். 'ணை', 'ளை', 'னை' மூன்றும் பாக்கி இருக்கிறது. நாளைக் காலை கடிதக் கட்டோடு மறுபடி உட்காருகிறோம்.