முகமே இல்லாத ஒரு ஜோடி

நேத்து ராத்திரி அமெரிக்க ஓவியர் ஆபிரகாம் வால்கோவிட்ஸ் வரைஞ்ச ஒரு சின்ன வாட்டர்கலரை ஸ்டேட்டஸ்ல வச்சிருந்தேன். ஒரு ஆணும் பொண்ணும் கட்டிப்பிடிச்சு நிக்கிற படம். நாலஞ்சு பேரு உடனே மெசேஜ் பண்ணிட்டாங்க, இதுல ஜோடி எங்க இருக்கு, கலரைக் கொட்டின மாதிரில்ல இருக்குன்னு. ஒருத்தர் "வரையத் தெரியாதவங்கதான் இப்படி வரைவாங்க"ன்னு எழுதியிருந்தார். அவருக்குப் பதில் எழுத ஆரம்பிச்சு அது நீளமாப் போயிடுச்சு, அதான் தனிப் பதிவாவே போடுறேன்.

எங்கம்மாகிட்டயும் அதே படத்தைக் காட்டினேன். எட்டாவதோட பள்ளிக்கூடத்தை விட்டவங்க, ஓவியம் பத்தியெல்லாம் எதுவும் தெரியாது. கண்ணாடிகூட போடாம போனைத் தள்ளிப் பிடிச்சுப் பார்த்துட்டு, "ரெண்டு பேரும் ஒரே போர்வைக்குள்ள நிக்கிறாங்க போல, அங்க குளிரா?"ன்னு கேட்டாங்க. எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரல. அந்தப் படத்துல போர்வையும் இல்ல, முகமும் இல்ல, கண்ணு மூக்கு எதுவுமே இல்ல, ரெண்டு உடம்பு மேல தண்ணியாக் கரைச்ச ஒரே கலர் (இதை வாஷ்ம்பாங்க) ஓடுது, அவ்ளோதான். அதைத்தான் அம்மா போர்வைன்னு பார்த்திருக்காங்க.

சரி, வரையத் தெரியாதவரான்னு பார்ப்போம். வால்கோவிட்ஸ் 1878ல சைபீரியாவுல டியூமென்ங்கிற ஊர்ல ஒரு யூதக் குடும்பத்துல பொறந்தவர், சின்ன வயசுலயே அம்மாவோட அமெரிக்கா வந்து நியூயார்க்கோட லோயர் ஈஸ்ட் சைடுல வளர்ந்தார், அது அப்போ கப்பல்ல வந்து இறங்கின ஏழை ஜனங்க அடைஞ்சு கிடந்த இடம். அங்க நேஷனல் அகாடமி ஆஃப் டிசைன்ல முறையா ஓவியம் படிச்சவர், 1906ல பாரிஸ் போய் அகாடமி ஜூலியன்லயும் படிச்சார். மூக்கு முழியோட ஒரு மனுஷன வரையிறது அவருக்குக் கை வந்த வேலை. தெரிஞ்ச ஒண்ணைத் தெரிஞ்சே விட்டிருக்கார், அதை மொதல்ல ஒத்துக்கணும்.

பாரிஸ்ல அவருக்கு ரெண்டு விஷயம் நடந்துச்சு. ஒண்ணு பிரெஞ்சு ஓவியர் செசான். 1907ல செசானோட நினைவுக் கண்காட்சி நடந்துச்சு, அந்தத் தலைமுறை ஓவியர்கள் எல்லாரையும் அது ஆட்டி வச்சுது. இன்னொண்ணு ரோடின். ரோடின்னா நமக்கு சிலைதான் ஞாபகம் வரும், ஆனா அவர் வயசான காலத்துல மாடல் மேல இருந்து கண்ணை எடுக்காம, பேப்பரைப் பார்க்காமலே பென்சிலை ஓட்டி, அப்புறம் அது மேல தண்ணியா ஒரு கலரை விட்டு நூத்துக்கணக்குல வரைஞ்சு தள்ளினார். அந்த ரோடினோட ஸ்டுடியோவுலதான் வால்கோவிட்ஸ் நடனக் கலைஞர் இசடோரா டங்கனைப் பார்க்கிறார், செருப்பு கோர்செட் எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு வெறுங்கால்ல ஆடினவங்க. அதுக்கப்புறம் அவரு வாழ்நாள் பூரா அவங்களை வரைஞ்சார், அஞ்சாயிரத்துக்கும் மேல. 1927ல அவங்க செத்த பிறகும் நிறுத்தல. பெரும்பாலானதுல முகம்னு ஒண்ணும் பெருசா இருக்காது, ஆனா தோள் சாயுறதை வச்சே அது அவங்கதான்னு தெரியும். இத்தனை தடவை ஒரே ஆளை முகமில்லாம வரைஞ்ச ஒருத்தரு ஒரு ஜோடியை வரையும்போது மட்டும் முகத்தை ஏன் தேடப் போறார்?

நானும் ஞாயித்துக்கிழமைகள்ல வாட்டர்கலர் பழகுறேன், மூணு வருஷமா, அதனால இதை அடிச்சுச் சொல்ல முடியும். ஆயில் பெயிண்ட்ல தப்பு பண்ணா சுரண்டலாம், மேல பூசி மறைக்கலாம். இதுல வச்சது வச்சதுதான். வெள்ளை வேணும்னா பேப்பரை அப்படியே விடணும், முன்னாடியே யோசிச்சு வைக்கணும். ஈரம் காயறதுக்குள்ள பக்கத்துல இன்னொரு கலரை வச்சா ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஓடிடும், காஞ்சப்புறம் வச்சா நடுவுல ஒரு கோடு நின்னுடும். ஒரு ஜோடியை வரையறவனுக்கு முழுக் கேள்வியும் அங்கதான் இருக்கு, எங்க ஓட விடறது, எங்க காய விடறது. அந்தப் படத்துல இடுப்புகிட்ட ரெண்டு உடம்பும் கலந்துடுது, கழுத்துகிட்ட மட்டும் மெல்லிசா பேப்பரோட வெள்ளை தெரியுது. கட்டிப்பிடிச்சு நிக்கும்போதும் நடுவுல ஒரு மூச்சு விடுற இடம் இருக்கும்ல, அதை அவரு பிரஷ் படாம விட்டிருக்கார். இதுக்கு மேல முகம் வரைஞ்சிருந்தா யாரு இவங்க, புருஷன் பொண்டாட்டியா, அழகா இருக்காங்களான்னுதான் நாம பார்த்திருப்போம்.

இன்னொரு விஷயமும் எனக்கு உறுத்துது. புலம்பெயர்ந்த ஓவியர்னு சொன்னவுடனே அவர் படத்துல மூட்டை முடிச்சு, கண்ணீர், விட்டுட்டு வந்த ஊருன்னு தேட ஆரம்பிச்சிடறாங்க. அவர் தெரு ஜனங்களை வரையாம இல்ல. நியூயார்க் கட்டடங்களையும் வரைஞ்சார், கோடு மேல கோடா நகரமே நடுங்குற மாதிரி இருக்கும், கீழ மனுஷங்க புள்ளி புள்ளியா. அதே கை, அதே ஊரு, ஒரு ஜோடின்னு வந்தா நாலு கோட்டுல முடிச்சிடறார். வந்தேறிங்களுக்கும் காதல் உண்டுல்ல? அதை எந்த நாட்டுச் சாயலும் இல்லாம வரையற உரிமை அவருக்கு உண்டு.

அந்தக் காலத்துல இதுக்கு இடம் கொடுத்தது போட்டோகிராஃபர் ஆல்ஃப்ரெட் ஸ்டீக்லிட்ஸ். நியூயார்க் ஐந்தாவது அவென்யூல அவர் நடத்தின 291ங்கிற சின்ன கேலரி, மத்தீஸையும் பிக்காசோவையும் அமெரிக்காவுல மொதமொதல்ல காட்டினது அங்கதான். வால்கோவிட்ஸ் அங்க காட்டினார், 1913ல நியூயார்க்ல நடந்த ஆர்மரி ஷோங்கிற பெரிய நவீன ஓவியக் கண்காட்சியிலயும் இருந்தார். 1944ல நூறு கலைஞர்கள் இவரை மாடலா வச்சு உருவாக்கினதை ப்ரூக்ளின் மியூசியம் காட்சிக்கு வச்சுது. அப்புறம் க்ளூகோமா வந்து கண்ணு போச்சு, 1965ல இறந்துட்டார். இவ்ளோ பெரிய மனுஷனை இன்னைக்கு எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே ரெண்டு வருஷம் முன்னாடிதான் தெரியும்.

அதுக்கு பேப்பரும் ஒரு காரணம்னு நினைக்கிறேன். வாட்டர்கலர் வெளிச்சத்துல வெளுத்துடும், அதனால மியூசியங்கள்ல கொஞ்ச நாள் மாட்டிட்டு திரும்ப இருட்டு அலமாரிக்குள்ள எடுத்து வச்சிடுவாங்க. கேன்வாஸ் மாதிரி வருஷம் பூரா சுவத்துல தொங்காது. பார்க்கக் கிடைக்கிறதே அபூர்வம், அப்போ பேரு எப்படி நிலைக்கும்? காகிதத்துல வரைஞ்சதெல்லாம் ஏதோ பெரிய படத்துக்கு முன்னாடி போட்ட பயிற்சின்னு ஒரு நினைப்பும் இருக்கு, அது எனக்குக் கோபத்தையே வரவழைக்குது. அந்த ஜோடிக்கு அதுக்கு மேல பெரிய படம்னு ஒண்ணு தேவையே இல்ல.

படத்தை மறுபடி கீழ போட்டிருக்கேன். விரலால பெருசாக்கி முகம் தேடாதீங்க. எங்கம்மா மாதிரி போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடிச்சுப் பாருங்க, கண்ணாடி இருந்தா கழட்டிட்டு.