ஆறு டாலர் விதி: குவீன்ஸ் இரவுச் சந்தையில் ஒரு மாலை

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் கோடைக்காலச் சனிக்கிழமைகளில் கூடும் இரவுச் சந்தைக்குப் போன மாதம் குடும்பத்தோடு போய்வந்தேன். சிறுவயது விடுமுறைகளைத் தைவானில் கழித்த ஜான் வாங், வழக்கறிஞர் தொழிலை விட்டுவிட்டு, அங்கே கண்ட இரவுக் கடைத்தெருவின் நினைவில் 2015ஆம் ஆண்டு தொடங்கிய சந்தை இது. ஆசிய இரவுச் சந்தையை அமெரிக்காவுக்குக் கொண்டுவர ஆசைப்பட்டவர்கள் பலர் உண்டு. அவர்களிடமிருந்து இவரை வேறுபடுத்துவது இவர் போட்ட ஒரே ஒரு விதிதான் என்பது என் எண்ணம். எந்தக் கடையிலும் எந்தத் தின்பண்டமும் 5 டாலருக்கு மேல் விற்கப்படக் கூடாது என்று அவர் வரம்பு வைத்தார். விலைவாசி ஏறிய பிறகு அது 6 டாலராயிற்று. மன்ஹாட்டனில் ஒரு சாண்ட்விச்சும் காப்பியுமே 20 டாலரைத் தொட்டுவிடும் காலத்தில், இது ஏறக்குறைய பிடிவாதம் என்றே சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் மேற்குக் கரை நகரம் ஒன்றில், இதே ஆசியப் பெயரோடு நடந்த வேறொரு சந்தைக்குப் போயிருந்தோம். வண்டி நிறுத்த ஒரு கட்டணம், உள்ளே நுழைய ஆளுக்கு ஒரு சீட்டு, பிறகு ஒரு குச்சியில் செருகிய கணவாய் மீனுக்கு, நாங்கள் வழக்கமாகச் சாப்பிடும் உணவகத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் பணம். அந்தக் கணவாயை நான்கு பேரும் பங்கு போட்டுத் தின்றுவிட்டு, அடுத்த கடையைப் பார்க்கும் ஆசையே இல்லாமல் வெளியே வந்தோம். விளக்கும் கூட்டமும் புகையும் அங்கேயும் இருந்தன. சந்தை மட்டும் இல்லை. வாசலில் சீட்டுக் கிழித்தவுடன் அது பொருட்காட்சியாகிவிடுகிறது. கொடுத்த காசுக்கு ஈடு கிடைத்ததா என்ற கணக்கு, கடைசிவரை மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

குவீன்ஸில் அந்தக் கணக்கு நின்றுபோனது. உள்ளே போகக் கட்டணம் இல்லை. உள்ளங்கையில் அடங்கும் காகிதத் தட்டில் நான்கு வாய்க்கு வருகிற அளவு கொடுக்கிறார்கள். அதனால் ஒருவர் ஒரே மாலையில் ஐந்தாறு நாட்டுச் சமையலை ருசி பார்த்துவிட முடிகிறது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடுகளின் உணவு இதுவரை இங்கே விற்கப்பட்டிருக்கிறது என்கிறார்கள். நாங்கள் பார்த்தவரையில் பெரும்பாலான கடைகளில் இரண்டு மூன்று பண்டங்களே இருந்தன. அதைத் திரும்பத் திரும்பச் செய்யும் கையின் வேகத்தைப் பார்ப்பதே ஒரு பொழுதுபோக்கு. பர்மியக் கடை ஒன்றில் பலாட்டா மாவை விசிறி வீசிக்கொண்டிருந்ததைப் பார்த்த என் மகள், "அப்பா, இது நம்ம பரோட்டாதானே?" என்று கேட்டாள். இந்தியாவிலிருந்து பர்மாவுக்குப் பிழைக்கப் போனவர்களோடு போன பண்டம், பெயரைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு இங்கே வந்து நிற்கிறது என்று சொன்னேன். அவள் காது கொடுத்ததாகத் தெரியவில்லை. வரிசையில் போய் நின்றுவிட்டாள். எனக்குக் கொஞ்சமும் பிடிக்காமல் போன தட்டு ஒன்றும் இருந்தது. அந்த நாட்டுக்காரர்கள் என் நண்பர்கள் பட்டியலில் இருப்பதால் பெயர் சொல்லவில்லை. ஆறு டாலர் என்பதால் பாதியில் வைத்தபோது வருத்தமும் இல்லை. பழக்கமில்லாத உணவை ஒருவர் துணிந்து வாங்குவதற்கு, தோற்றாலும் பரவாயில்லை என்கிற விலை இருக்க வேண்டும்.

தைவானின் பழைய இரவுக் கடைத்தெருக்களில் பல, கோயிலை ஒட்டி வளர்ந்தவை. கீலுங் நகரத்துச் சந்தையின் பெயரான மியாவ்கோ என்பதற்கே கோயில் வாசல் என்றுதான் பொருள். சாமி கும்பிட வந்த கூட்டம், பசித்தபோது கடையைத் தேடியது. மதுரைக்காஞ்சியில் இரவுக் கடைத்தெருவைக் குறிக்கும் அல்லங்காடி என்ற சொல்லைப் படித்தவர்களுக்கும், திருவிழாக் கடைகளில் திரிந்து வளர்ந்தவர்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. குவீன்ஸ் சந்தையோ அறிவியல் அருங்காட்சியகம் ஒன்றின் பின்புறத்து வெற்று மைதானத்தில் கூடுகிறது. வழிப்போக்கர்கள் தற்செயலாக எட்டிப் பார்க்கக்கூடிய இடமும் அல்ல. கோயில் செய்த வேலையை இங்கே அந்த விலை வரம்புதான் செய்கிறது.

அந்த மைதானத்துக்கும் ஒரு கதை உண்டு. நகரத்தின் சாம்பல் கொட்டும் மேடாகக் கிடந்த நிலத்தைச் சீர்செய்துதான் 1939ஆம் ஆண்டு உலகக் கண்காட்சியை நடத்தினார்கள். 1964-65இல் மறுபடியும் ஒன்று நடந்தது. அருங்காட்சியகக் கட்டடமும், 140 அடி உயரத்துக்கு நிற்கும் யூனிஸ்பியர் என்ற எஃகு உருண்டையும் அந்த இரண்டாவது கண்காட்சியின் மிச்சங்கள். நாடுகள் அப்போது மண்டபம் கட்டித் தங்களைக் காட்டிக்கொண்டன. அமெரிக்கர்கள் பெல்ஜிய வாஃபிளை வரிசையில் நின்று வாங்கித் தின்றார்கள். அந்தக் கண்காட்சி முடிந்த அதே 1965 அக்டோபரில்தான், நாட்டுவாரி ஒதுக்கீட்டை நீக்கிய குடியேற்றச் சட்டம் கையெழுத்தானது. மண்டபங்கள் இடிக்கப்பட்ட பிறகு மனிதர்களே வந்து சேர்ந்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகளில், பக்கத்து ஃபிளஷிங்கில் பிள்ளையார் கோயிலுக்குக் குடமுழுக்கும் ஆயிற்று. அதன் அடித்தள உணவகத்துத் தோசைக்கு இன்று எல்லா இனத்தவரும் வருகிறார்கள்.

ஆனாலும் இந்த விலையை நான் முழு மனத்தோடு கொண்டாடவில்லை. ஆறு டாலருக்குள் மூலப்பொருள், கூலி, வாடகை எல்லாம் அடங்க வேண்டுமானால், எங்கேயோ ஒருவருடைய உழைப்புக்குக் கணக்கு எழுதப்படாமல் போகிறது. சில கடைகளில் அம்மா வறுக்க, மகன் காசு வாங்க, அப்பா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்கள். அடுத்த ரயில் நிலையத்தடியில் உள்ள கொரோனா பிளாசாவில், பெரும்பாலும் லத்தீன் அமெரிக்கக் குடியேறிகளான நடைபாதை வியாபாரிகளை 2023 ஜூலையில் நகர அதிகாரிகள் அனுமதி இல்லை என்று சொல்லி அப்புறப்படுத்தினார்கள். பிறகு குறைந்த எண்ணிக்கையில் திரும்ப விட்டார்கள். 1983இலேயே நகரம் உணவு வண்டி உரிமங்களுக்கு ஏறத்தாழ 3,000 என்று வரம்பு கட்டிவிட்டதால், இரண்டாண்டுக்கு 200 டாலர் கட்டணமுள்ள உரிமம் கள்ளச் சந்தையில் 20,000 டாலருக்கு மேல் வாடகைக்குப் போனது. எண்ணிக்கையைக் கூட்ட 2021இல் சட்டம் வந்தும் காரியம் ஆமை வேகத்திலேயே நகர்ந்தது. வேலிக்குள் ஒழுங்காக நடக்கும் இரவுச் சந்தையை ரசித்துப் பேசும் நகரம், அதே உணவைத் தெருவில் விற்பவருக்கு அபராதச் சீட்டுக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

போக நினைப்பவர்கள் 7ஆம் எண் ரயிலில் 111ஆவது தெருவில் இறங்கி நடக்கலாம். ஆகஸ்ட் பிற்பகுதியில் தொடங்கி, மைதானம் இருக்கும் அதே பூங்காவில் யூ.எஸ். ஓப்பன் டென்னிஸ் நடக்கும் வாரங்களில் சந்தை இருக்காது. திரும்பும் வழியில் வயிற்றில் இடமிருந்தால் கொரோனா பிளாசா இருக்கும் 103ஆவது தெருவிலும் இறங்குங்கள். அங்கே தூக்குச் சட்டியிலிருந்து ஆவி பறக்க எடுத்துக் கொடுக்கும், மக்காச்சோள மாவுக் கொழுக்கட்டை போன்ற தமாலேக்கு யாரும் விலை வரம்பு வைக்கவில்லை. ஆனாலும் எங்கள் நான்கு பேருக்கும் சேர்த்து இருபது டாலர் ஆகவில்லை.