சோலையின் அடிப்புதரை வெட்டாதீர்கள்

மேட்டுப்பாளையத்திலிருந்து மலையை அண்ணாந்து பார்த்தே வளர்ந்த எனக்கு, காடென்றால் மரம் என்ற எண்ணமே வெகுகாலம் இருந்தது. அதை மாற்றியது, கோத்தகிரியின் லாங்வுட் சோலையில் நான் கண்ட நீலகிரிச் சோலைக்கிளி. பெயரில் கிளி இருந்தாலும் அது பச்சைக்கிளிக்கு உறவன்று. ஈப்பிடிப்பான் குடும்பத்தைச் சேர்ந்த, சிட்டுக்குருவி அளவே உள்ள பாடும் பறவை.

பனி விலகாத காலையில் ஓடையோரம் முக்கால் மணி நேரம் அசையாமல் நின்ற பிறகு, பெரணிகளுக்கு அடியிலிருந்து தத்தித் தத்தி வந்து, மக்கிய இலையொன்றை அலகால் புரட்டி எதையோ கொத்தியது. முதுகில் கருநீலம், விலாவில் செம்பழுப்பு, வயிற்றின் நடுவில் வெள்ளை, கண்ணுக்கு மேல் வெளிறிய புருவக்கோடு, சிறிய உடலுக்கு நீளமான கால்கள். கேமராவைத் தூக்குவதற்குள் புதருக்குள் மறைந்துவிட்டது. சீழ்க்கை மட்டும் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

நமக்குக் காற்றைத் தரும் பாலக்காட்டுக் கணவாய்தான் இதற்கு எல்லை. தெற்கே ஆனைமலையிலும் பழனி மலையிலும் இருப்பது விலாவில் செம்பழுப்பு இல்லாத வெண்வயிற்றுச் சோலைக்கிளி. கோவையிலிருந்து பொள்ளாச்சிக்கு நாம் பேருந்தில் ஒரு மணி நேரத்தில் கடந்துவிடும் தாழ்நிலத்தை, உயரச் சோலைகளை விட்டு இறங்காத இப்பறவைகள் நெடுங்காலமாகக் கடக்காமலே வாழ்ந்து, தனித்தனி இனங்களாகிவிட்டன. மரபணு ஆய்வுக்குப் பின் 2017இல் இவற்றுக்கென்றே ‘சோலிகோலா’ என்ற பேரினம் வகுக்கப்பட்டது. நம்முடைய ‘சோலை’ அறிவியல் பெயருக்குள் ஏறியிருப்பதில் எனக்குப் பெருமைதான்.

ஆனால் சென்ற ஆண்டு, நான் வழக்கமாகத் தங்கும் விடுதியை ஒட்டிய சோலைத் துண்டைப் பார்த்தபோது மனம் கசந்தது. “காட்டைச் சுத்தம் செய்துவிட்டோம், இனிப் பாம்புப் பயம் இல்லை” என்றார்கள். ஒரு மரம்கூட வெட்டப்படவில்லை என்பது உண்மையே. ஆனால் அடியில் செறிந்திருந்த குறிஞ்சிச் செடிகளும் பெரணிகளும் அடியோடு போய், நிலம் கூட்டிப் பெருக்கிய வாசலைப் போலக் கிடந்தது. தரையிலேயே இரை தேடி, மரப்பொந்திலோ ஓடைக்கரைப் பொந்திலோ கூடு வைக்கும் பறவைக்கு அங்கே என்ன மிச்சமிருக்கிறது? அழியும் ஆபத்திலுள்ள இனம் இது. தேயிலையும் சீகை மரமும் தைல மரமும் விழுங்கியது போக எஞ்சிய சோலைத் துண்டுகளையும், மரம் நிற்கிறதே என்று நம்பி, அடியிலிருந்து காலி செய்துவிடக் கூடாது.

நடப்பதற்கு இரண்டடித் தடம் போதும். பாம்புக்குப் பயந்தால் கட்டடத்தைச் சுற்றி மட்டும் வெட்டிக்கொள்ளலாம். ஓடையின் இரு கரைகளையும் தொடாதீர்கள் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கூடு கட்டும் காலமான ஏப்ரலில் மறுபடியும் போய்ப் பார்ப்பேன்.